88, 104, 128: தாலாட்டு, பம்பை, தறி மூன்றையும் ஒரே பாட்டில் கோத்த அனுபவம்

நாலரை நிமிடப் பாட்டு ஒன்று ஒருவழியாக முடிந்துவிட்டது. உள்ளே இருப்பவை முக்கியமாக மூன்று ஒலிகள்: ஏற்காட்டில் பெரியம்மா பாடிய தாலாட்டு, சேலம் அம்மாபேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓடும் விசைத்தறி, ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் வாசிக்கும் அண்ணன் ஒருவரின் பம்பை. மூன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில், சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் பதிவானவை. குரல் நிமிடத்துக்குச் சுமார் 88 தட்டு. பம்பை 104. தறி 128. இவற்றை ஒரே பாட்டுக்குள் உட்கார வைக்க என்னென்ன செய்தேன், எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டில் பாட்டுப் பதிவு செய்கிற யாருக்கும் இந்தத் தலைவலி என்றைக்காவது வரும்.

முதலில் சாமான்கள். மைக் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும், இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், பழையது, 5,500 ரூபாய். ஒரு கண்டென்சர் மைக் 4,000. ஒரு டைனமிக் மைக் 2,800. காதை மூடும் ஹெட்போன் ஏற்கெனவே இருந்தது. மடிக்கணினியில் 8 ஜிபி ராம், அது போதும். மென்பொருள் ரீப்பர். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் வீட்டு உபயோகத்துக்கு 60 டாலர். பம்பைக்கார அண்ணனுக்கு 2,000 ரூபாயும் மதியச் சாப்பாடும். தறிக்கார மாமா காசு வாங்கவில்லை. பெரியம்மாவிடம் அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

பதிவு

பெரியம்மா வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் இருக்கிறது. பாட்டை முதலில் பெரியம்மா மகன்தான் போனில் பதிந்து, செய்தி செயலி வழியாக அனுப்பினான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி அனுப்பும்போது ஒலி சுருக்கப்பட்டுவிடும். சுருங்கிய ஒலியின் வேகத்தை மாற்றினால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் சலசலவென்று உடைகிறது. அதனால் மைக்கையும் மடிக்கணினியையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன்.

மலைப்பாதைக்கு முன்னாலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு வரும். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய படநிறுவனம் அது. அந்தக் காலத்தில் பாடகர், வாத்தியக்காரர் எல்லாரும் ஒரே இடத்தில் கூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சேர்ந்து வாசித்துத்தான் பாட்டைப் பதிவார்கள். வேகம் ஒட்டவில்லை என்ற பிரச்சினைக்கே இடமில்லை. ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாகப் பதிந்துவிட்டு அப்புறம் ஒட்டப் பார்ப்பது நம் காலத்துச் சௌகரியம், நம் காலத்துத் தொல்லையும்கூட.

ஹெட்போனில் கிளிக் சத்தம் கொடுத்துப் பாடச் சொன்னேன். பெரியம்மா ஒரு வரி பாடிவிட்டுக் கழற்றிவிட்டார். "ஏன் கண்ணு, காதுக்குள்ள ஒருத்தன் டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருந்தா நான் எங்க மூச்சு வாங்கறது?" சரி என்று கிளிக்கை எடுத்துவிட்டேன். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக், எதிர்ச்சுவரில் இரண்டு கம்பளிப் போர்வை, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். தகரக் கூரை, அதனால் மழை விட்ட நேரம் பார்த்துத்தான் பதிய முடிந்தது. மழை விட்டதும் சில்வண்டுகள் ஆரம்பித்தன. அவற்றை நிறுத்த முடியாது. அவை குரலோடு சேர்ந்தே பதிவாகின. இந்தச் சில்வண்டுகள் பின்னால் ஒரு முக்கியமான முடிவுக்குக் காரணமாயின.

பம்பையை எங்கள் வீட்டு மாடி அறையில் பதிந்தேன். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு உருளைகள் சேர்ந்த வாத்தியம் அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக். அறையின் எதிரொலிக்காக மூலையில் ஒரு போனும் வைத்தேன். மெதுவாக வாசிக்க முடியுமா என்று கேட்டதற்கு, "தம்பி, கைய அடக்கி அடிச்சா பம்பை பேசாதுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். 101-இல் தொடங்கி, கை சூடேறச் சூடேற 107 வரை போனார். அம்மனுக்கு வாசிக்கிற கை அப்படித்தான் போகும். கூட ஒருவர் கைச்சிலம்பு ஆட்டினார்.

தறி மாமா எட்டுத் தறி வைத்திருக்கிறார். எட்டும் ஓடினால் ஒரே இரைச்சல். சாப்பாட்டு நேரத்தில் மற்றவற்றை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டினார். முதலில் மைக்கை இரண்டடி தூரத்தில் வைத்தேன், ஒலி உச்சம் தாண்டி உடைந்தது. ஐந்தடி தள்ளி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என வைத்து, உள்ளீட்டைக் கடைசிவரை குறைத்ததும் சரியாக வந்தது. காதுக்குப் பஞ்சு அவசியம். முடிக்கும்போது மோட்டாரை அணைத்து, தறி தள்ளாடி நிற்கும் சத்தத்தையும் பதிந்துகொண்டேன். சும்மாதான் பதிந்தேன், பிற்பாடு அதுதான் கைகொடுத்தது.

வேகத்தை அளப்பது

மென்பொருளின் தானியங்கி வேகக் கணிப்பை இங்கே நம்ப வேண்டாம். தறிக்கு 64 என்றது, அதாவது பாதி. குரலுக்கு 132 என்றது. சிரித்துவிட்டுத் தள்ளி வைத்தேன். கையால் அளப்பதே நல்லது. பாட்டில் ஒரு தட்டைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து 64 தட்டுக் கழித்து வரும் தட்டு எத்தனை விநாடியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். 64-ஐ 60-ஆல் பெருக்கி அந்த விநாடியால் வகுத்தால் வேகம் கிடைக்கும். குரலுக்கு 43.6 விநாடி, எனவே 88. பம்பைக்கு 36.9 விநாடி, எனவே 104. தறியில் 200 தட்டு எண்ணினேன், 93.7 விநாடி, 128. சராசரி மட்டும் போதாது, பாட்டின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும். குரல் 85-க்கும் 91-க்கும் நடுவில் ஊசலாடியது. தறி ஏறக்குறைய அசையவில்லை.

யாரை யாருக்கு வளைப்பது

தாளம் கொடுப்பது பம்பை, ஆகவே பாட்டு பம்பையின் வேகத்தில் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். 88-ஐ 104-க்குக் கொண்டுபோகக் குரலைச் சுமார் 15 சதவீதம் சுருக்க வேண்டும். சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் சுருக்கும் முறைகள் ரீப்பரிலேயே உள்ளன. தனிக்குரலுக்கென்றே அமைந்த எலாஸ்டிக் சோலோயிஸ்ட் முறையை எடுத்தேன். குரல் மட்டும் இருக்கிற இடங்கள் மோசமில்லை. ஆனால் ஒரு எழுத்தை இழுக்கும்போது பெரியம்மா குரலில் வரும் மெல்லிய அசைவு படபடப்பாகிவிட்டது. மூச்சு வாங்கும் இடங்கள் சுருங்கின. தூங்க வைக்கும் பாட்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடும் பாட்டாகிவிட்டது. பின்னால் இருந்த சில்வண்டு ஒலியோ தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் குமிழியிட்டது. குரலை மட்டும் பிரித்தெடுத்து வேகம் மாற்ற என்னிடம் வழியில்லை, எல்லாம் ஒரே மைக்கில் ஏறியவை.

அடுத்து நடுவில் சந்திக்கலாம் என்று 96-ஐப் பிடித்தேன். குரலுக்கு 9 சதவீதம் வேகம், பம்பைக்கு 8 சதவீதம் நிதானம், ஆளுக்குப் பாதிச் சுமை. தறிக்கும் 96-க்கும் உள்ள விகிதம் வேறு ஆசை காட்டியது. 128-க்கு 96 என்பது துல்லியமாக 4-க்கு 3. தறியைத் தொடவே வேண்டாம், மூன்று தட்டுக்கு நான்கு தறித் தட்டு என்று தானே விழுந்துவிடும். கணக்கில் அழகாக இருந்தது. கேட்டால் சகிக்கவில்லை. தாலாட்டு திஸ்ர நடை, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் தகிட என்று மூன்று சிறு அடிகள். நான்குக்கு மூன்று என்று விழும் தறித் தட்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை மட்டும் சேர்ந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் அந்தச் சிறு அடிகளின் இடுக்கில் போய் விழுகிறது. தாலாட்டும் தறியும் ஒன்றின் பேச்சை மற்றது கேட்காமல் ஓடின. நடுவழி என்பதால் குரல், பம்பை இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டும் போயின. இந்த மாதிரிச் சமாதானத்தால் பயனில்லை.

இரண்டையும் அழித்துவிட்டுக் குரலைத் தொடாமல் அப்படியே விட்டேன். வளையக் கூடாதது எதுவோ அதுவே தலைமை. மற்றவை அதற்கேற்ப வர வேண்டும். தறி எவ்வளவு வளைந்தாலும் யாருக்கும் தெரியாது. பம்பை வெட்டி ஒட்டத் தாங்கும். குரல் எதையும் தாங்காது.

குரலுக்குக் கட்டம் போடுவது

கிளிக்குக்குக் குரலை இழுப்பதற்குப் பதிலாக, குரல் போகும் போக்குக்குக் கிளிக்கை வளைக்கும் வேலை இது. நான்கு தட்டு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றின் சமத்திலும், அதாவது முதல் தட்டிலும், அங்கிருந்து வேகம் எவ்வளவு என்று சொல்லும் ஒரு டெம்போ மார்க்கர். ரீப்பரில் ஷிஃப்ட்டுடன் சி அழுத்தினால் வரும். தொண்ணூறுக்கு மேல் மார்க்கர்கள் ஆயின. 88-இல் ஒரு சுற்று 2.727 விநாடி. 85-க்கு இறங்கினால் 2.824, 91-க்கு ஏறினால் 2.637. வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் கிட்டத்தட்ட 190 மில்லி விநாடி வித்தியாசம், ஆனாலும் காதுக்கு ஏற்ற இறக்கமாகத் தெரியவில்லை. பாடுகிறவர் மூச்சோடு சேர்ந்து வருவதால் இயல்பாகவே இருக்கிறது.

இந்த வேலை தொடங்கும் முன் ஒரு அமைப்பை மாற்றியாக வேண்டும். பிராஜெக்ட் டைம்பேஸ் என்ற இடத்தில் 'டைம்' என்று வைக்க வேண்டும். 'பீட்ஸ்' என்று இருந்தால், மார்க்கர் போடப் போட ஒலிக்கோப்பும் கூடவே நீண்டு சுருங்கும். நாம் துரத்துவோம், அது ஓடும். எனக்கு ஒரு மாலைப்பொழுது இப்படிப் போயிற்று.

தட்டுக்கு ஒரு மார்க்கர் போட்டுப் பார்த்தேன், வேண்டாம். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லில் தட்டு எங்கே விழுகிறது என்று அலைவடிவத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஊகித்து வைத்தால் கிளிக் நொண்டும். சுற்றுக்கு ஒன்று போதும்.

கடைசி அசையைப் பெரியம்மா தன் இஷ்டத்துக்கு இழுக்கும் இடங்கள்தான் கஷ்டம். 'ஆரிரரோ' என்று முடியும் வரியில் நான்கு தட்டு ஐந்தாகிவிடுகிறது. அந்த ஒரு சுற்றின் வேகத்தை 70-க்குக் குறைத்துப் பார்த்தேன், தறி மயங்கி விழுவதுபோல் ஆயிற்று. பேசாமல் அந்தச் சுற்றை ஐந்து தட்டுச் சுற்று என்று அறிவித்துவிட்டேன். அங்கே தறியை என்ன செய்தேன் என்று கீழே வருகிறது.

தறி

128-இல் ஓடும் தறியை 88-க்கு இறக்க வேண்டும் என்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். செய்து பார்த்தேன். தறியாகவே இல்லை, யாரோ மரப்பெட்டியை நிதானமாகத் தட்டுகிறார்கள்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. தொடாத தறியைக் குரலுக்கு அடியில் சும்மா ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றாவது கண்ணியில், பெரியம்மா 85-க்கு இறங்கும் இடத்தில், சில சுற்றுகள் மட்டும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. அப்புறம் நழுவிவிட்டது. 85-இன் ஒன்றரை மடங்கு 127.5. அதாவது இரண்டு தட்டுக்கு மூன்று தறித் தட்டு. திஸ்ர நடையில் இரண்டு தட்டுக்கு ஆறு சிறு அடி, அதில் இரண்டுக்கு ஒன்றாகத் தறி விழுகிறது. தகிட தகிட என்றால் முதல் த, முதல் ட, இரண்டாவது கி. இடுக்கில் எதுவும் விழுவதில்லை. சராசரி 88-க்கு வேண்டிய தறி வேகம் 132. தானியங்கிக் கணிப்பு குரலுக்கு 132 என்று சொன்னதும் இந்தத் திஸ்ரத்தைக் கேட்டுத்தான் போலிருக்கிறது.

இன்னொரு லாபமும் இருந்தது. குறுக்கு நூலான ஊடையைச் சுமந்து போகும் நாடா ஒருமுறை இடமிருந்து வலம், ஒருமுறை வலமிருந்து இடம் போகிறது. இரண்டு சத்தமும் ஒன்றல்ல, இடப்பக்கம் 'டக்', வலப்பக்கம் 'சடக்'. நான்கு தட்டுச் சுற்றுக்கு ஆறு தறித் தட்டு என்பதால் ஒவ்வொரு சுற்றும் இடப்பக்கத்து 'டக்'கில் தொடங்கி வலப்பக்கத்துச் 'சடக்'கில் முடிகிறது. சமத்தில் எப்போதும் ஒரே சத்தம். நான் எதுவும் செய்யாமல் கிடைத்த ஒழுங்கு அது.

128-இலிருந்து 132 என்பது 3 சதவீதம்தான். இதற்கு நீட்டும் கருவியே வேண்டாம். ஐட்டம் அமைப்பில் சுருதியைக் காப்பாற்றும் குறியை எடுத்துவிட்டு, பிளேபேக் ரேட்டை மட்டும் ஏற்றினேன். பழைய டேப்பை வேகமாக ஓட்டும் முறைதான். சுருதி அரை ஸ்வர இடைவெளியில் பாதி ஏறும். தறிக்குச் சுருதி பார்ப்பவர் யார்? ஒலி கொஞ்சமும் கெடாது. ஆறு தட்டுகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் வேகத்துக்குத் தக்க ரேட் கொடுத்தேன், 0.996-லிருந்து 1.066 வரை.

வெட்டும் இடம் முக்கியம். ஒரு தறித் தட்டு 469 மில்லி விநாடி. அதற்குள் நாடாவை அடிக்கும் சத்தம், நாடா எதிர்ப்பக்கம் போய் முட்டும் சத்தம், அச்சு வந்து ஊடையை அடிக்கும் மந்தமான சத்தம் என மூன்று இருக்கின்றன. தானாக வெட்டும் வசதி ஒருமுறை இதிலும் ஒருமுறை அதிலும் வெட்டியது. நாடாவை அடிக்கும் சத்தத்தையே எப்போதும் தட்டாகக் கொண்டு கையால் வெட்டினேன். ஒட்டும் இடத்தில் 8 மில்லி விநாடி கிராஸ்ஃபேட், ஒரு துண்டு தேயத் தேய அடுத்தது எழும்.

இத்தனைக்கும் பிறகு ஏதோ உறுத்தியது. மோட்டாரின் ரீங்காரம். 100 ஹெர்ட்ஸில் உறுமும் அது, சுற்றுக்குச் சுற்று ரேட் மாறும்போது கூடவே ஏறி இறங்கியது. ஏறி இறங்காவிட்டாலும் அது பிரச்சினைதான். பெரியம்மா பாடிய சுருதி 5 கட்டை, அதாவது ஜி. அந்த ஸ்வரத்தின் கீழ் மட்டம் 98 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் அதைவிட 35 சென்ட் மேலே, அரை ஸ்வர இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சுருதி சேராத தம்பூராவைப் பக்கத்தில் வைத்தது மாதிரி. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் ஹை பாஸ் வடிகட்டியில் வெட்டியதும் தொல்லை தீர்ந்தது.

ஐந்து தட்டுச் சுற்றில் ஏழரைத் தறித் தட்டு வரும், இடது வலது ஒழுங்கு கெட்டுப்போகும். அங்கேதான் மோட்டாரை அணைத்துப் பதிந்த ஒலி உதவியது. பெரியம்மா கடைசி அசையை இழுக்கும்போது தறி தள்ளாடி நிற்கிறது, அடுத்த வரியில் மறுபடி இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. கேட்டவர்கள் நூல் அறுந்து தறி நிற்பதாக நினைத்தார்கள். வேண்டுமென்றே வைத்ததாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மாமாவிடம் 132 வேண்டும் என்று விளக்கியபோது, "முன்னமே சொல்லியிருந்தா புல்லிய மாத்தி ஓட்டிக் குடுத்திருப்பேனேப்பா" என்றார். மோட்டார் புல்லி இரண்டரை அங்குலம். அதை 2 மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 128 கிட்டத்தட்ட 132 ஆகிவிடும். மென்பொருளில் உட்கார்ந்து செய்ததைக் கடைசல் பட்டறையில் முடித்திருக்கலாம்.

பம்பை

அதிக நேரம் தின்றது இதுதான். 104-ஐ 88-க்கு இறக்க, ஒவ்வொரு தட்டும் 577 மில்லி விநாடியிலிருந்து 682-க்கு நீள வேண்டும், 18 சதவீதம். மொத்தமாக நீட்டினால் அடியின் முனை மழுங்கிவிடுகிறது. முறையை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ரீப்பரில் உள்ள ரப்பர் பேண்ட், எலாஸ்டிக் என்ற முறைகள் இரண்டு விதமாக மழுக்கின. அது அவற்றின் குறை என்று சொல்ல மாட்டேன். குச்சி தோலில் படும் அந்தச் சில மில்லி விநாடியை 18 சதவீதம் நீட்டினால் எந்தக் கருவியிலும் அது குச்சி அடியாக இருக்காது. டேப் முறையில் வெறுமனே மெதுவாக ஓட்டினால் முனை தப்பிக்கும், ஆனால் சுருதி மூன்று அரை ஸ்வரம் கீழே போய்ப் பம்பை பெரிய மேளமாகிவிடும்.

எனவே வெட்டினேன். திஸ்ரத்தின் ஒவ்வொரு சிறு அடியும் 104-இல் 192 மில்லி விநாடி, 88-இல் 227. ஒவ்வொரு அடியையும் தனித் துண்டாக்கி அதன் புது இடத்தில் வைத்தால், துண்டுக்குத் துண்டு 35 மில்லி விநாடி வெற்றிடம் விழுகிறது. அதை அப்படியே விட்டால் அடிகளுக்கு நடுவே ஒலி அறுந்து அறுந்து கேட்கும். பலத்த அடிகளுக்கு இப்படிச் செய்தேன்: அடி விழுந்து 30 மில்லி விநாடி கழித்து, ஒலியின் ஒரு பகுதியை மட்டும் நீட்ட உதவும் ஒரு ஸ்ட்ரெட்ச் மார்க்கர், துண்டின் முடிவில் இன்னொன்று. ஷிஃப்ட்டுடன் டபிள்யூ. முதல் 30 மில்லி விநாடியைத் தொடாமல் விட்டு, வாலை மட்டும் 22 சதவீதம் நீட்டினேன். தோலின் அதிர்வு நீண்டால் காது கண்டுபிடிக்காது. சன்னமான அடிகளுக்கு இவ்வளவு மெனக்கெடவில்லை. 10 மில்லி விநாடி ஃபேட் கொடுத்து, 0.4 விநாடி எதிரொலி சேர்த்தேன். வெற்றிடம் மூடிக்கொண்டது.

இரண்டு மைக் பதிவையும் குழுவாகக் கட்டி, ஒரே இடத்தில் சேர்த்து வெட்ட வேண்டும். தனித்தனியாக அதனதன் அடி தொடங்கும் இடத்தில் வெட்டினால் பம்பை மெலிந்துவிடும். மர உருளையின் அடி பித்தளைப் பக்க மைக்கை ஒரு மில்லி விநாடி தாமதமாக அடைகிறது, ஒரு அடி தூரத்துக்கு அவ்வளவுதான். அந்தத் தாமதம் எல்லா அடிக்கும் ஒரே மாதிரி இருக்கும்வரை ஒலி திடமாக இருக்கும்.

மூலையில் வைத்த போன் பதிவு வீண். ஆறு நிமிடத்தில் இன்டர்ஃபேஸுக்கும் போனுக்கும் 14 மில்லி விநாடி விலகியிருந்தது, இரண்டின் கடிகாரமும் ஒன்றில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டிப் பதிந்திருந்ததால் அதைச் சரிசெய்துவிட்டேன். ஆனால் அறையின் எதிரொலி ஒரு அடியிலிருந்து அடுத்த அடிக்குள் வழிந்துகொண்டே போகிறது, வெட்டினால் வழியும் ஒலி அறுந்து தெரியும். தூக்கிப் போட்டேன். கைச்சிலம்புக்கும் இதே கதை. இடைவிடாமல் கலகலக்கும் ஒலிக்கு வெட்டும் இடமே கிடையாது. பம்பை மைக்குகளில் கசிந்திருந்த சிலம்பு அங்கங்கே வெட்டுப்பட்டுக் கேட்டது. முடிந்த மிக்ஸை ஓடவிட்டு அதன் மேல் தங்கச்சியை ஒரு சிலம்பை ஆட்டச் சொல்லிப் பதிந்தேன். கசிவு மறைந்தது.

எல்லா அடியையும் கட்டத்தில் நூறு சதவீதம் பொருத்தியும் பார்த்தேன். பொம்மை வாசித்தது. அண்ணனின் கையில் தகிடவின் மூன்றாவது அடி எப்போதும் கொஞ்சம் முந்தி வருகிறது. அந்த முந்தல்தான் வாசிப்பு. ஆகவே தட்டுகளை மட்டும் கட்டத்தில் வைத்து, உள்ளே இருக்கும் அடிகளை அவை இருந்த விகிதத்திலேயே விட்டேன். வேகமான உருட்டல்கள் மட்டும் எந்த முறையிலும் தேறவில்லை, அவற்றை நீக்கிவிட்டேன். பாட்டின் பிற்பாதியில் மட்டும் பம்பை வருவதால் வேலை கொஞ்சம் குறைந்தது.

கலவை

இதில் சொல்ல அதிகமில்லை. குரல் நடுவில், தறியின் இரண்டு மைக் இருபுறமும் 40 சதவீதம் விலகி, பம்பை நடுவிலிருந்து சற்று இடம். தறியின் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதி குரலின் மெய்யெழுத்துகளை மறைத்தது, அங்கே 4 டெசிபல் குறைத்தேன். மொத்த ஒலி அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு). பெரியம்மா கேட்டுவிட்டு, "தாலாட்டுக்கு எதுக்குடா பம்பை, சாமி?" என்றார். பம்பையை இன்னும் 3 டெசிபல் இறக்கினேன். நியாயமான கேள்வி.

அடுத்த முறை

குரலை முதலில் பதிந்து, கட்டம் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் வாத்தியக்காரரைக் கூப்பிடுவேன். பம்பைக்கார அண்ணனுக்குக் கிளிக் கொடுத்தால் பிடிக்காது, ஆனால் ஒரு காதில் பெரியம்மா குரலைக் கொடுத்திருந்தால் அவரே 88-க்கு வந்திருப்பார். அந்த வேகத்தில் அவர் கை வேறு தாளச் சொற்களை வாசித்திருக்கும். வெட்டிய பம்பையில் அது இல்லை, 104-க்கு வாசித்த சொற்களே நிதானமாக வருகின்றன. வெட்டுவதற்குச் செலவான நேரத்துக்கு இன்னொரு 2,000 ரூபாய் மலிவு. ஆடி முடிந்து அவருக்கு ஓய்வு கிடைத்ததும் கேட்க வேண்டும்.

கைச்சிலம்பை எப்போதும் தனியாகப் பதிய வேண்டும். தறியைக் குறைந்தது பத்து நிமிடம் ஓடவிட்டுப் பதிய வேண்டும். என்னிடம் நான்கு நிமிடமே இருந்ததால் சில துண்டுகளைத் திரும்பத் திரும்பப் போட நேர்ந்தது. உன்னிப்பாகக் கேட்டால் ஒரே 'சடக்' மறுபடி வருவது தெரியும். புல்லி விஷயத்தையும் மாமா மறக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கொஞ்சம் பெரிய புல்லி ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், 150 ரூபாய் சொல்கிறார்களாம்.